பிராண வாயுவைத் தன் உடலில் சோதித்த ஹால்டேன்

கோவண்டி, மான்குர்ட் பட்டறைகளிலும், தாருக்கானாவில் கப்பல் உடைக்கும் இடங்களிலும் கேஸ் கட்டிங் செய்பவர்களுக்குப் பிராண வாயு சிலிண்டர் பழகிய பொருள். அதன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது என்பது, வேலை பழக வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம்.

ஆஸ்பத்திரியில் உயிர் காக்கும் அதே வாயு, பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் அதைத் தீப்பற்றி எரியச் செய்யும். கடலுக்கு அடியில் அளவு மீறிச் சுவாசித்தால் நஞ்சாக மாறும். கை கால்கள் வெட்டி இழுக்க, நினைவு தப்பி, சில நிமிடங்களில் மனிதன் மாண்டு போவான்.

அப்படியானால் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பிராண வாயுவை, எத்தனை நிமிடம் சுவாசிக்கலாம்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காகத் தன் உடலையே சோதனைப் பொருளாகக் கொடுத்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்த விஞ்ஞானி.

தந்தை காட்டிய வழி

1892-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் ஹால்டேன் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் பெயர் பெற்ற உடலியல் அறிஞர்.

நிலக்கரிச் சுரங்கங்களில் வெடி விபத்து நடந்தால், தந்தை அங்கே விரைவார். செத்தவர்களின் உடல்களைப் பரிசோதிப்பார். பலர் நெருப்பால் சாகவில்லை, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவால் செத்தார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கூண்டில் எடுத்துச் செல்லும் யோசனையைக் கூறியவரும் அவரே. பறவை மயங்கி விழுந்தால், மனிதர்கள் வெளியேறி விட வேண்டும்.

நச்சு வாயுக்களைத் தானே சுவாசித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். அந்த வழக்கம் மகனுக்கும் வந்து சேர்ந்தது.

மகன் சிறுவனாக இருந்தபோதே அவனைச் சுரங்கத்துக்குள் கூட்டிச் சென்றார். மீத்தேன் வாயு நிறைந்த ஓரிடத்தில் நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இருந்து ஒரு பகுதியை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் பையனுக்கு மூச்சு முட்டியது. கால்கள் மடிந்து தரையில் விழுந்தான். தரையில் நல்ல காற்று இருந்தது. மீத்தேன் காற்றை விட லேசானது, மேலேதான் தங்கும் என்பதை அந்தப் பையன் பிறகு மறக்கவே இல்லை.

13 வயதில் ஸ்காட்லாந்துக் கடலில், பெரியவர்கள் அணியும் முக்குளிப்பு உடையை மாட்டி இறக்கி விட்டார்கள். உடை அளவுக்குப் பொருந்தவில்லை. தண்ணீர் உள்ளே கசிந்து ஏறியது. ஆனாலும் பையன் பயந்து அலறாமல் இருந்து விட்டு மேலே வந்தான்.

ஆடுகள் சொன்ன கணக்கு

அந்தக் காலத்தில் தந்தை ஹால்டேன் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒரு பெரிய ஆராய்ச்சியை நடத்திக் கொண்டிருந்தார்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் காற்று மண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இதைக் காது வலியால் அறிவார்கள்.

அந்த அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்தால், காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல் உடலுக்குள்ளேயே குமிழி குமிழியாகக் கிளம்பும். மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். கை கால் விளங்காமல் போகும். உயிரும் போகலாம்.

தந்தை ஹால்டேன் ஆடுகளை அழுத்தக் கூண்டில் அடைத்துச் சோதித்தார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், எங்கெங்கே நின்று நின்று மேலே வர வேண்டும் என்று அட்டவணை போட்டார். 1908-ம் ஆண்டு அது வெளியாயிற்று. உலகக் கடற்படைகள் அதைப் பின்பற்றின.

நைட்ரஜனின் கணக்கைத் தந்தை போட்டு முடித்தார். பிராண வாயுவின் கணக்கு மகனுக்காகக் காத்திருந்தது.

போர்க்களமும் பல்கலைக்கழகமும்

மகன் ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமும் கற்றார். விஞ்ஞானத்தில் அவர் பட்டம் வாங்கியதே இல்லை!

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஹால்டேன் படையில் சேர்ந்தார். பிரான்சில் காயம் பட்டார். பிறகு மெசபடோமியாவில் மீண்டும் காயம் பட்டு, சிகிச்சைக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்த நாட்டின் மீது அவருக்குப் பற்று ஏற்பட்டது அப்போதுதான்.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிலும் பணியாற்றினார். பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்ற மரபியல் துறையில் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. உயிர்களின் பரிணாம வளர்ச்சியைக் கணித வாய்பாடுகளால் விளக்கிய மூவரில் அவர் ஒருவர்.

அப்போதும் தன் உடலில் சோதனை செய்வதை அவர் விடவில்லை. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடினால் என்ன ஆகும் என்று அறிய, அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். பல நாட்கள் மூச்சு வாங்கிக் கொண்டு கிடந்தார்.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கு சென்றார். குண்டு வீச்சில் இருந்து மக்கள் எப்படித் தப்பலாம் என்று ஆராய்ந்து நூல் எழுதினார். தொழிலாளர் பத்திரிகையில், படிப்பு இல்லாதவர்களுக்கும் புரியும் நடையில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதி வந்தார்.

99 பேர் பலி

1939-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி. இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே தெட்டிஸ் என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டது.

புதுக் கப்பலின் சோதனை ஓட்டத்தில் அதைக் கட்டிய தொழிலாளர்களும் உடன் போவது உண்டு. மும்பை மஜ்காவ் டாக் தொழிலாளர்களுக்கு இது தெரிந்த விஷயம். தெட்டிசிலும் அப்படியே. உள்ளே 103 பேர் இருந்தார்கள். வழக்கமாக இருக்க வேண்டியதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.

டார்பிடோ குழாயின் வெளிக் கதவு திறந்திருந்தது. குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சிறு துளை உண்டு. அந்தத் துளையைப் பெயிண்ட் அடைத்திருந்தது. தண்ணீர் வராததால் குழாய் காலி என்று நம்பி, உள் கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே பாய்ந்தது. கப்பலின் மூக்கு கடல் அடியில் போய்க் குத்தி நின்றது.

மறுநாள் அதன் வால் பகுதி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மீட்க வந்த கப்பல்கள் சுற்றி நின்றன. ஆனாலும் நான்கே நான்கு பேர்தான் தப்பி வெளியே வந்தார்கள். 99 பேர் உள்ளேயே மாண்டார்கள்.

தப்பிக்கும் கருவி உள்ளே இருந்தது. சிறு பிராண வாயு சிலிண்டரும், மூச்சுப் பையும் கொண்ட கருவி அது. அது இருந்தும் ஏன் இத்தனை பேர் செத்தார்கள்?

தொழிலாளர் சங்கத்தின் அழைப்பு

இறந்தவர்களில் தங்கள் உறுப்பினர்களும் இருந்ததால், இயந்திரத் தொழிலாளர் சங்கம் இதற்கு விடை கேட்டது. விசாரணையில் தங்கள் சார்பில் உண்மையை ஆராய்ந்து சொல்ல ஹால்டேனை நியமித்தது.

அவர் உத்தேசமாகப் பதில் எழுதி அனுப்பவில்லை. ஸ்பெயின் போரில் சண்டையிட்டு வந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. ஆபத்தில் கலங்காதவர்கள் என்பதே அவர்களின் தகுதி. லண்டனில் முக்குளிப்புக் கருவிகள் செய்யும் சீப் கார்மன் கம்பெனியின் இரும்புக் கூண்டுக்குள் அவர்களுடன் தானும் புகுந்து, கதவை அடைக்கச் சொன்னார்.

நேரம் ஆக ஆக, அவர்கள் வெளிவிட்ட கரியமில வாயு உள்ளே பெருகியது. தலை வெடிப்பது போல் வலித்தது. மூச்சு இரைத்தது. புத்தி தடுமாறியது. அந்த நிலையில் தப்பிக்கும் கருவியை மாட்டிப் பிராண வாயுவைச் சுவாசித்தபோது, சிலருக்குக் குமட்டி வாந்தி வந்தது.

தெட்டிசில் நடந்தது புரிந்தது. இரு மடங்கு ஆட்கள் இருந்ததால் கரியமில வாயு இரு மடங்கு வேகத்தில் பெருகி விட்டது. கருவியைப் பயன்படுத்த வேண்டிய நேரத்தில், அதைக் கையாளும் தெளிவும் பலமும் அவர்களிடம் மிஞ்சவில்லை. மேலே இருந்து உதவி வரும் என்று காத்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் அவர்களின் உயிரைக் குறைத்து விட்டது.

இரும்புக் கூண்டுக்குள் வலிப்பு

சில மாதங்களில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. கடற்படை ஹால்டேனின் உதவியை நாடியது. நீர்மூழ்கியில் இருந்து தப்புவோரும், கடலுக்கு அடியில் வேலை செய்யும் வீரர்களும் எவ்வளவு ஆழத்தைத் தாங்குவார்கள் என்று தெரிய வேண்டும்.

அதே இரும்புக் கூண்டு. இம்முறை உள்ளே காற்றை அழுத்தி, கடலின் ஆழத்தைக் கூண்டுக்குள்ளேயே உண்டாக்கினார்கள். ஹால்டேனின் சக விஞ்ஞானிகளும், பின்னாளில் அவருடைய மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும், ஸ்பெயினின் முன்னாள் பிரதமரும் உடலியல் அறிஞருமான நெக்ரினும் கூடச் சோதனைக்கு உட்பட்டார்கள்.

பத்து மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசித்துக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நைட்ரஜனின் மயக்கத்தில், கெட்டிக்காரர்களும் குடித்தவர்களைப் போல் தப்பும் தவறுமாகச் செய்தார்கள். பனிக்கட்டி மிதக்கும் நீரில் உட்கார்ந்தும் சோதித்தார்கள்.

பிறகு சுத்தமான பிராண வாயு. அதற்கு ருசி கிடையாது என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். மிகுந்த அழுத்தத்தில் அதற்கு ஒரு ருசி உண்டு என்று ஹால்டேன் கண்டார். அந்த ருசியை அறிந்து சில நிமிடங்களுக்குள் உதடு துடித்தது. முகம் கோணியது. அடுத்த கணம் உடல் முழுவதும் வலிப்புக் கண்டது.

அப்படி வந்த ஒரு வலிப்பின் வேகத்தில் அவருடைய முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி சாகும் வரை அவரை விடவில்லை. அழுத்த மாற்றத்தால் காதுச் சவ்வும் கிழிந்தது. புகையிலைப் புகையைக் காது வழியே விட்டுக் காட்டி, அதையும் வேடிக்கையாக்கிக் கொள்வார்!

பிராண வாயுவின் நச்சைப் பற்றி 1878-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் எழுதியிருந்தார். அவர் சோதித்தவை விலங்குகள். மனித உடலில் அது எப்படி வருகிறது என்பதை ஹால்டேன் குழுவினரின் சோதனைகள் எடுத்துக் காட்டின. 1942-க்குப் பின் கென்னத் டொனால்டு என்ற கடற்படை டாக்டர் இந்த வேலையைத் தொடர்ந்தார். அவர் கண்டது இன்னும் திடுக்கிட வைத்தது. ஒரே மனிதன் ஒரு நாள் தாங்குகிறான்; மறுநாள் அதே ஆழத்தில் பாதி நேரத்தில் வலிப்புக் கண்டு விழுகிறான். என்னால் முடியும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. சுத்தமான பிராண வாயுவுடன் 25 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று அவர் வரம்பு கட்டினார்.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி குஸ்தோவும் அந்தக் காலத்தில் பிராண வாயுக் கருவியுடன் மூழ்கி, வலிப்புக் கண்டு மயிரிழையில் பிழைத்தவர். எஞ்சினியர் காஞ்யானுடன் சேர்ந்து 1943-ல் அவர் உருவாக்கிய ஸ்கூபா ரெகுலேட்டர், சாதாரணக் காற்றையே கொடுத்தது.

இரண்டு வரம்புகளுக்கு நடுவே

இன்று அந்தமானிலும் லட்சத்தீவிலும், மராட்டியத்திலேயே மால்வண் கரையிலும் சுற்றுலாப் பயணிகள் ஸ்கூபா முக்குளிப்பு செய்கிறார்கள். பழகியவர்கள் பல இடங்களில் நைட்ராக்ஸ் என்ற கலவையைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரணக் காற்றில் பிராண வாயு 21 சதவீதம். நைட்ராக்சில் பெரும்பாலும் 32 அல்லது 36 சதவீதம்.

பிராண வாயு கூடினால் நைட்ரஜன் குறையும். அதனால் நீருக்கு அடியில் கூடுதல் நேரம் இருக்கலாம். இது தந்தை ஹால்டேன் கண்ட ஆபத்தைக் குறைக்கும் வழி. ஆனால் அதே அளவுக்கு, மகன் ஹால்டேன் கண்ட ஆபத்து நெருங்கி வருகிறது. ஆகவே பிராண வாயுவின் பங்கு அழுத்தம் 1.4 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது இன்று பரவலாகக் கடைப்பிடிக்கும் விதி. அதன்படி 32 சதவீதக் கலவையுடன் சுமார் 33 மீட்டர் வரை போகலாம். 36 சதவீதம் என்றால் 28 மீட்டரோடு நிற்க வேண்டும். சிலிண்டரில் என்ன கலவை இருக்கிறது என்று, மூழ்குபவரே ஒவ்வொரு முறையும் கருவியால் அளந்து பார்த்து எழுதி ஒட்ட வேண்டும்.

ஆழத்தை மீறினால், எவ்வளவு உயர்ந்த ரெகுலேட்டரும் காப்பாற்றாது. கூண்டுக்குள் வலிப்பு வந்தால் முதுகெலும்பு நசுங்கும். கடலுக்குள் வந்தால் வாயில் உள்ள குழாய் நழுவி விழும்; அத்தோடு முடிந்தது.

ரெகுலேட்டருக்கும் தனி விதி உண்டு. அது பட்டறைத் தொழிலாளிக்குத் தெரிந்த விதியேதான். 40 சதவீதத்துக்கு மேல் பிராண வாயு போகும் ரெகுலேட்டரையும் வால்வையும் எண்ணெய், கிரீஸ், தூசி ஒரு துளியும் இல்லாமல் பிரித்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். பிராண வாயுவில் எரியாத தனி வகை மசகைத்தான் உள்ளே பூச வேண்டும். ரப்பர் வளையங்களும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். டைட்டானியத்தால் செய்த ரெகுலேட்டர் கூடவே கூடாது. அந்த உலோகமே பிராண வாயுவில் தீப்பற்றும். 40 சதவீதத்துக்குக் குறைந்தாலும், சில தயாரிப்பாளர்கள் இதே சுத்தத்தைக் கேட்கிறார்கள். அவர்கள் சொன்னதே முடிவு. சிலிண்டரில் முதலில் சுத்தமான பிராண வாயுவை நிரப்பிப் பிறகு காற்றைச் சேர்ப்பதாக இருந்தால், கடைசியில் கலவை எத்தனை சதவீதம் ஆனாலும் சிலிண்டரும் வால்வும் சுத்தம் செய்தவையாகவே இருக்க வேண்டும்.

சிலிண்டர் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் வாயு பாய்ந்து ரெகுலேட்டருக்குள் இறுகி, நொடியில் கடும் சூடு உண்டாகும். உள்ளே பிசுக்கு இருந்தால் அதுவே தீக்குச்சி. சுத்தம் செய்து வைத்த ரெகுலேட்டரைச் சாதாரணக் காற்றுக்கு எடுத்துப் பயன்படுத்தி விட்டால், கம்ப்ரசர் எண்ணெய் உள்ளே படிந்திருக்கும். மறுபடியும் சுத்தம் செய்யாமல் அதைப் பிராண வாயுவுக்கு மாட்டக் கூடாது.

இந்தியாவுக்கு வந்தார்

போருக்குப் பின் ஹால்டேனுக்குச் சோதனை வேறு விதத்தில் வந்தது. அவர் கம்யூனிஸ்டு கட்சியில் இருந்தார். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே பொய் என்று ஒதுக்கி, உண்மையான விஞ்ஞானிகளை ஒடுக்கினார். இதைத் தெளிவாகக் கண்டிக்க ஹால்டேன் தயங்கினார். அவருடைய வாழ்க்கையில் அது ஒரு கறை. பின்னர் 1950 வாக்கில் கட்சியை விட்டு விலகினார்.

1956-ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய் மீது படை எடுத்தது. அதைக் கண்டித்த ஹால்டேன், 1957-ல் வேலையை விட்டு விட்டு மனைவி ஹெலனுடன் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். ஜிப்பாவும் வேட்டியும் அணிந்தார். மாமிசத்தை விட்டார். 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார்.

பெரிய கருவி இல்லை என்று இந்திய மாணவர்கள் கலங்க வேண்டாம் என்பது அவர் கருத்து. பூக்களின் இதழ்களை எண்ணுவது, தென்னை மட்டைகள் எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று குறிப்பது, குளவிகளைக் கவனிப்பது, இவற்றிலேயே நல்ல விஞ்ஞானம் செய்யலாம் என்று காட்டினார். கழகத்தில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு வெளியேறியபின், ஒரிசா அரசின் ஆதரவில் புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

கடைசிச் சோதனை

1963-ம் ஆண்டு இறுதியில் அவருக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே புற்றுநோயைக் கேலி செய்து கவிதை எழுதினார். அறிகுறி தெரிந்தால் ஒளிக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள் என்று மக்களுக்குச் சொல்வதே அதன் நோக்கம்.

நோய் குணமாகவில்லை. 1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 72.

அவர் எழுதி வைத்திருந்தபடி அவருடைய உடல் ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. மாணவர்கள் அறுத்துப் பார்த்துப் படிப்பதற்காகக் கொடுத்த உடல் அது.

பிராண வாயு சிலிண்டரின் மீது ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டு வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் யாரோ ஒருவர் தன் உடலால் விலை கொடுத்திருக்கிறார். அந்த விலையைத் தொழிலாளி கொடுக்க வேண்டாம், தானே கொடுத்து விடலாம் என்று கூண்டுக்குள் போனவர் ஹால்டேன்.